சத்திரத்தில் தொங்கிய துண்டு

மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சத்திரம் இருந்தது. தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் தங்கிப் போகட்டும் என்று சேலத்துக் குடும்பம் ஒன்று கட்டிவிட்டது. என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டார். ரயிலை விட்டு இறங்கியவர்கள் அரூர்ப் பக்கம் பஸ்ஸோ வண்டியோ கிடைக்கிறவரை அங்கே படுப்பார்கள், குளிப்பார்கள், கட்டிக்கொண்டு வந்த சோற்றை அவிழ்த்துச் சாப்பிடுவார்கள். பின்கட்டில் இரண்டு அறை எங்களுக்கு. நான், அவர், அவருடைய தங்கை.

நான் கல்யாணமாகி வந்தபோது என் நாத்தனாருக்குப் பதினொரு வயது. தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். வந்த முதல் வாரமே என் பாயில் வந்து படுத்துக்கொண்டவள் அவள். எனக்குக் குழந்தை தங்கவில்லை. மூன்று முறை ஆகி மூன்றும் கலைந்தது. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னுவதும், சட்டை தைத்துப் போடுவதும், அவள் சாப்பிட்டாளா என்று பார்ப்பதுமாகவே என் நாட்கள் போயின. நான் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

சத்திரத்தில் பெண்களுக்குத் தனியாக ஒரு கொல்லை உண்டு. சுற்றிலும் ஆள் உயரச் சுவர். ஓரத்தில் நான்கு கக்கூஸ், நடுவில் ஒரு சிமிட்டித் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் சாம்பல். அந்தக் கொல்லை என் பொறுப்பு. காலையில் ஒரு பெண் வந்து கக்கூஸ்களைக் கழுவிவிட்டுப் போவாள். என் வயதுதான் அவளுக்கு. மற்றதெல்லாம் நான் பார்ப்பேன்.

வருகிற பெண்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கக்கூசுக்குப் போய்விட்டு வருவார்கள், கையைக் கழுவுவார்கள், முந்தானையில் துடைப்பார்கள். அதே முந்தானையால் இடுப்பில் இருக்கும் குழந்தையின் மூக்கைத் துடைப்பார்கள், வாயைத் துடைப்பார்கள். பத்து நாள் தோய்க்காத முந்தானையாக இருக்கும். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"இதபாருங்க, பொம்பளைங்க பக்கம் ஒரு துண்டு தொங்கவுட்டா என்னாங்க? கை தொடைக்கறதுக்கு."

"யாரு தோய்க்கறது அத?"

"நான் தோய்க்கறேன்."

அடுத்த முறை சேலத்துக்குப் போனபோது இரண்டு ஈரிழைத் துண்டு வாங்கி வந்தார். ஒன்று தொங்கும், ஒன்று கொடியில் காயும். தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு ஆணி அடித்தேன். தினமும் சாயங்காலம் சவுக்காரம் போட்டுத் தோய்த்து, மறுநாள் காலையில் மல்லிகைப் பூ மாதிரி ஒரு துண்டு அங்கே தொங்கும். சத்திரத்துக் குடும்பத்து அம்மாள் ஒருமுறை வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "ரயில்வே ஸ்டேஷன்ல கூட இப்படி இல்ல" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரி படுத்த பிறகும் அதையே பாப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

ஐந்து வருஷம் போல அந்தத் துண்டு அங்கே தொங்கியது. தேயும், மாற்றுவேன். ஒரு துண்டில் ஒரு நாளைக்கு எத்தனை கைகள் துடைத்தன, எத்தனை முகங்கள் துடைத்தன என்று நான் யோசித்ததே இல்லை. வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று நினைத்தேன்.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின மாசி மாதம் அது. தீர்த்தமலைக்கு நல்ல கூட்டம். ஒவ்வொரு ரயிலுக்கும் முப்பது நாற்பது பேர் இறங்கினார்கள். சத்திரத்தில் கால் வைக்க இடமில்லை. நான் கிணற்றடிக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தொட்டி நிரம்புவதற்குள் காலியாகும். பாப்பாவுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. தர்மபுரியில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பையனுக்குப் பேசி, வைகாசியில் கல்யாணம் என்று தாம்பூலம் மாற்றியிருந்தோம். அவளும் என்னோடு குடம் தூக்கினாள்.

அன்று மத்தியானம் ஒரு தாய் வந்தாள். ஜோலார்பேட்டைப் பக்கத்து ரயிலில் வந்தவள். கையில் ஒரு வயதுக் குழந்தை. அதன் இரண்டு கண்ணும் வீங்கி, மஞ்சளாக வடிந்து, இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தீர்த்தத்தில் முழுக்காட்டினால் சரியாகும் என்று கொண்டுபோகிறாளாம். கக்கூசுக்குப் போக வேண்டும், குழந்தையை யாரிடம் கொடுப்பது என்று அவள் திகைத்து நின்றதையும், பாப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டதையும் நான் குடத்தோடு போகிற போக்கில் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன். நான் மறுபடி தண்ணீரோடு வந்தபோது அந்தத் தாய் குழந்தையை வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

மூன்றாம் நாள் பாப்பா காலையில் எழுந்து, "அண்ணி, கண்ணுல மண்ணு வுழுந்த மாதிரி இருக்குது" என்றாள். இடது கண் சிவந்திருந்தது. நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து கண்மேல் வைத்துக் கட்டினேன். சாயங்காலம் இமை வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டேன். மறுநாள் தலையணை நனைகிற அளவுக்குச் சீழ் வடிந்தது. அப்போதாவது கிளம்பியிருக்க வேண்டும். சத்திரத்தில் அவ்வளவு கூட்டம், விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவர் தயங்கினார். பூவுக்கே கேட்கும் என்று நானும் சொன்னேன். இன்னும் இரண்டு நாள் போயிற்று. அதற்குள் வலது கண்ணும் சிவந்தது. அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்த பிறகுதான் ரயிலேறினோம்.

சேலத்தில் டாக்டர் இமையைத் திறந்து பார்த்தார். அவர் முகத்திலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. மருந்து விட்டு, இரண்டு கண்ணையும் பஞ்சு வைத்துக் கட்டினார். என் கணவரைக் கடைக்கு மருந்து வாங்க அனுப்பிவிட்டு என்னைக் கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காவது கண்ணு வலியா?"

"இல்லீங்க. சத்திரத்துல இருக்கறோம். வர்றவங்க போறவங்கள்ல ஒரு கொழந்தைக்கு இருந்திச்சு."

"சத்திரத்துல முகம் தொடைக்கறதுக்குப் பொதுவா துண்டு ஏதாச்சும் இருக்கா?"

நான் இருக்கிறது என்றேன். தினம் தோய்த்துப் போடுகிற துண்டு என்றும் சொன்னேன். அப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அதுலதான் வந்திருக்கும். ஈரத் துணியில இந்த நோய் அப்படியே இருக்கும். ஒருத்தர் துடைச்சதுல இன்னொருத்தர் துடைக்கவே கூடாது அம்மா. அவங்கவங்க துணியில துடைக்கணும், இல்லேன்னா சும்மா காத்துல காய விடணும். பத்துப் பேர் துடைச்ச ஈரத்துண்டுக்கு ஒண்ணுமே இல்லாதது மேல்."

பாப்பா பக்கத்துக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். என் கணவர் மருந்தோடு வந்தபோது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். "பாக்கலாம்னு சொன்னாருங்க" என்றேன்.

பதினெட்டு நாள் அங்கே இருந்தோம். வலது கண் தப்பியது. இடது கண்ணில் பார்வை போய்விட்டது. கருவிழி முழுவதும் வெளுத்து, சோழியை வைத்ததுபோல ஆகிவிட்டது. கட்டு அவிழ்த்த அன்று அவள் என் கையிலிருந்த சின்னக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். அழவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "எப்ப அண்ணி வூட்டுக்குப் போறோம்?" என்று மட்டும் கேட்டாள்.

வந்து சேர்ந்த அன்றைக்கே அந்த இரண்டு துண்டையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். நாங்கள் இல்லாதபோதும் வந்தவர்கள் துடைத்த ஈரம் இருந்ததால் சீக்கிரம் பிடிக்கவில்லை. புகைந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து அவர் கேட்டார்.

"துண்டு எங்க? ஆணி சும்மா இருக்குது."

"கிழிஞ்சு போச்சுங்க."

அவரிடம் மறைத்தது போய், பொய்யே சொன்னது அதுவே முதல் தடவை. தர்மபுரிக்காரர்கள் ஆள் மூலம் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். வந்த ஆள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போனான். அன்று அவர் சாப்பிடவில்லை. "நல்ல நேரத்துல கூட்டிட்டுப் போயிருந்தா காப்பாத்தி இருக்கலாம், நான்தான் பாவி" என்று என்னிடம் சொல்லி அழுதார். அப்போது நான் சொல்லியிருக்கலாம். அவர் தோளில் கை மட்டும் வைத்தேன்.

பழைய வேட்டிகளைச் சேகரித்து, ஒரு சாண் அகலத்துக்குச் சதுரம் சதுரமாகக் கிழித்தேன். ஒரு கூடையில் காய்ந்த துணிகள், பக்கத்தில் ஒரு வாளி. ஒரு துணியை எடுத்துத் துடை, உடனே வாளியில் போடு. சாயங்காலம் எல்லாவற்றையும் சோடா உப்புப் போட்டு அண்டாவில் கொதிக்க வைப்பேன். கூட்ட நாளில் நூறு துணி இருக்கும். விரலெல்லாம் வெந்து தோல் உரிந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது.

கொஞ்ச வருஷம் அப்படி ஓடியது. பிறகு யுத்தத்தில் துணிக்குக் கண்ட்ரோல் வந்தது. கட்டிக்கொள்ளவே துணி கிடைக்காத காலம். என் சதுரங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. காலையில் அறுபது வைத்தால் சாயங்காலம் நாற்பது இருக்கும், அடுத்த வாரம் இருபது. ஒருநாள் சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு பெண் நாலைந்து துணியை மடியில் சொருகுவதைப் பார்த்துவிட்டேன். பிடித்துக் கேட்டேன். அவள் தோளில் கட்டியிருந்த தூளியை விலக்கிக் காட்டினாள். பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தை, அடியில் இலைதான் விரித்திருந்தது. கூடையில் மீதி இருந்ததையும் எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு கூடையில் வைக்க ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் கக்கூஸ் கழுவ வந்த பெண் வேலையை முடித்துவிட்டு, நான் ஊற்றிய தண்ணீரில் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். பத்து வருஷமாக அவளுக்கு நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதற்குப் பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். கையைக் கீழே தொங்கவிட்டுப் பலமாக நாலு உதறு உதறினாள். பிறகு விரல்களை விரித்து வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"வேற எப்புடிங்க? இங்க தொங்குன துண்ட நான் தொடக் கூடாதில்லீங்களா. சேலையில தொடைச்சா சேலையும் நாறிப்போவும். வெய்யிலு யாரையும் வேணாங்கறதில்ல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கொல்லையில் தினமும் அழுக்கில் கை வைத்தவள் அவள் ஒருத்திதான். அந்த மாசியில் சத்திரத்திலும் பக்கத்து வீடுகளிலும் எத்தனையோ பேருக்குக் கண் நோய் வந்தது. அவளுக்கு வரவில்லை. அவளைத் தொட விடாத துண்டில்தான் நான் என் பாப்பாவை முகம் துடைக்க விட்டேன். இதை எதிரில் நின்றவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கையை நனைத்து உதறி, அவள் பக்கத்தில் வெயிலில் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து கொல்லையில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன். நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க, நல்லா உதறுங்க, வெய்யில்ல காட்டுங்க. முந்தானையில தொடைக்காதீங்க. ஒருத்தர் துணிய இன்னொருத்தர் தொடாதீங்க. மழைக்காலத்தில் அடுப்படியைத் திறந்துவிட்டு அனலில் காட்டச் சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். ரயில் வந்து நின்றால், "கைய உதறச் சொல்ற அம்மா சத்தரத்துக்கா போறீங்க?" என்று வண்டிக்காரர்கள் கேட்பார்களாம். பாப்பா அதைக் கேட்டுவிட்டு வந்து எனக்கு நடித்துக் காட்டுவாள். கண் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதாகும்போது கடத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவி செத்துப்போனவர், இரண்டு பிள்ளைகள், நிலம் கொஞ்சம் உண்டு. அவருடைய அம்மா தீர்த்தமலைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் சத்திரத்தில் தங்கியவர். பாப்பா வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார். "ஒரு கண்ணு இருந்தாலும் நாலு ஆள் வேல செய்யறா" என்று அவரே கேட்டு வந்தார். நாங்கள் கொடுத்தோம். வேறு யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கொடுத்தோம்.

ஒன்றரை வருஷம் கழித்து அவளுக்குப் பெண் பிறந்தது; பிரசவத்துக்கு அவளை எங்களிடம் அனுப்பவில்லை. மூன்றாம் மாதத்தில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். என் கணவரால் சத்திரத்தை விட்டு வர முடியவில்லை.

வீட்டுக்குள் கூடத்தில் குழந்தை தொட்டிலில் இருந்தது. மாமியார் பக்கத்தில் இருந்தார். பாப்பாவைக் காணவில்லை. கேட்டதற்கு, "பின்னால இருப்பா" என்றார். பின்னால் மாட்டுக் கொட்டகை. அதன் ஓரத்தில் கீற்றால் மறைத்த ஒரு சின்ன இடம். அங்கே அவள் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஆணியில் ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு லோட்டா, ஒரு பாய்.

"இங்கயா படுக்கற?"

"காத்தாட இருக்குது அண்ணி" என்றாள்.

மூத்தாள் பிள்ளைகள் இரண்டும் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தன, கிட்டே வரவில்லை. பால் கொடுக்கும் நேரம் மாமியார் குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். குடித்து முடிக்கும்வரை நின்றிருந்து, திரும்ப வாங்கிக்கொண்டு போனார். பாப்பா குழந்தையின் வாயோரம் வழிந்த பாலைத் துடைக்கக் கை தூக்கியதும், "நான் தொடைக்கறேன், நீ தொடாத" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, அந்தக் கண்ணு போயி எட்டு வருசம் ஆவுதுங்க. அதுல இப்ப ஒண்ணுமில்லீங்க. யாருக்கும் ஒட்டாதுங்க. டாக்டரே சொன்னாரு."

அவர் கோபப்படவில்லை. ஆச்சரியமாகத்தான் என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே சொன்னீங்க? ஒருத்தரு துணிய ஒருத்தரு தொடக் கூடாது, கண்ணு போயிரும்னு. எத்தன தடவ சத்தரத்துல நின்னு சொன்னீங்க! நான் கேட்டுக்கிட்டுத்தான் செய்யறேன். எம் பேரப் புள்ளைங்க கண்ண நான் பாக்கவேணாமா?"

நான் என்னென்னவோ சொன்னேன். நோய் இருக்கும்போதுதான் ஒட்டும் என்றேன். எல்லோருக்கும் தனித்துணி வேண்டும், ஒருத்திக்கு மட்டும் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்ட ஆரம்பித்தார். அவருடைய மகன் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பாப்பா என்னைப் பஸ்ஸுக்குக் கூட்டிவந்தாள். சந்தை நாள் இல்லை, தெருவில் ஆளில்லை. புளியமரத்தடியில் நின்றோம். எட்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அங்கே வாயில் வந்துவிட்டது.

"பாப்பா, உங்கண்ணு போனது என்னாலதான். அந்தத் துண்டாலதான். நான் தொங்கவுட்ட துண்டு. டாக்டரு என்கிட்ட சொன்னாரு. நான் உங்கண்ணன்கிட்டகூடச் சொல்லல."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது பக்கம் நான் நின்றதால் அவள் என்னைப் பார்க்க வேண்டுமானால் முழுதாகத் திரும்ப வேண்டும். திரும்பினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி. டாக்டரு சொல்லும்போது நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? அந்தக் கொழந்த அழுதுச்சு. கண்ணத் தொறக்க முடியலயேன்னு நான்தான் துண்ட நனைச்சு அதும் மொகத்தத் தொடைச்சேன். அப்பறம் எனக்கு வேர்த்துச்சு, அதே துண்டுல நானும் தொடைச்சேன். அதச் சொன்னா, கொழந்தையத் தூக்காம இருந்திருக்கலாமேன்னு அண்ணன் சொல்லும். அது அழுதுச்சு அண்ணி, எப்புடித் தூக்காம இருக்கறது?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. "நீங்க ஒண்ணும் பேச வேணாம் அவங்கள. புள்ள கொஞ்சம் வளந்தா தானா எங்கிட்ட வரும்" என்றாள். பஸ் வந்தது. என் பையில் ஒரு சின்ன மூட்டை கேழ்வரகை வைத்தாள். அவளைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். குழந்தை உள்ளே தொட்டிலில் இருந்தது. பஸ் நகர்ந்தபோது அவள் அங்கேயே நிற்காமல் வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தாள். அடுத்த முறை பால் கொடுக்கிற நேரமாகிவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்துக்குச் சத்திரம் வந்து சேர்ந்தேன். அவர் வாசலிலேயே காத்திருந்தார். பையை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"நல்லா இருக்குதா பாப்பா?"

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"கொழந்த யார் சாயல்?"

"உங்க சாயல்தான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.